மழையில் எடுத்த படங்கள்

என் மகள் மாநில அறிவியல் போட்டியில் முதலாவதாக வந்த நாளில் நான் மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் கேட்கவில்லை, கைதட்டியதும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு சீன அம்மா என் தோளைத் தொட்டு எழுப்பினார். விழித்துப் பார்த்தபோது அவள் மேடையில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கண்ணைத் துடைத்தேன். ஆனந்தத்தில் அழுதுவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு படமும் எடுத்தார்கள். போட்டி நடந்த சிரம்பானிலிருந்து திரும்பும்போது பள்ளிக்கூட வேனில் அதைக் காட்டி, "எப்படி அழுதிருக்கீங்க பாருங்கம்மா" என்றாள். நான் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்று சனிக்கிழமை. அதற்கு முந்தின ஐந்து நாளும் நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, மதியம் இரண்டு மணி வரை ராம்ப்பில் நின்றிருந்தேன். கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்கு வேலை. ராம்ப் என்பது சிமெண்டில் கட்டிய பெரிய மேடை. காட்டில் அறுத்த குலைகளை டிராக்டரில் கொண்டு வந்து அதில் கொட்டுவார்கள். லாரி வந்து எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போவதற்குள் ஒவ்வொரு ஆள் அறுத்த குலையையும் நான் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். பழமா, காயா என்று சொல்லவேண்டும். குலையில் சில பழம் உதிர்ந்து, அவை இருந்த குழி தெரிந்தால் அது பழம். ஒன்றுகூட உதிராமல் இறுகிப் போயிருந்தால் காய். காய் அறுத்த ஆளுக்குத் திட்டு விழும், அதிகமானால் எச்சரிக்கைக் கடிதம் போகும். பழம் என்று நான் அனுப்பிய குலையை ஆலையில் காய் என்று திருப்பினால் எனக்குத் திட்டு விழும்.

பதினெட்டு வருடம் இதே வேலை. நடந்துகொண்டே குலையைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். நின்று யோசித்தால் வேலை ஆகாது.

மகள் பதினாறு வயதில், நான்காம் படிவம் படிக்கும்போது ஒரு விடுமுறையில், நான் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ராம்ப்புக்கு வந்தாள். ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்து நான் வேலை செய்வதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா பாத்த உடனே சொல்றீங்க?"

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியும். வேறென்ன சொல்லச் சொல்ற?"

அந்தப் பதில் அவளை விடவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அதையே கேட்டாள். பள்ளியில் அவளுடைய பௌதிக ஆசிரியை, நாங்கள் சிக்கு என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெண், அடுத்த வருட அறிவியல் போட்டிக்குச் செயற்கை நுண்ணறிவில் ஏதாவது செய்யலாம் என்று சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் குப்பையைப் பிரிக்கிற மெசின், முகத்தைப் பார்த்து வருகை பதிகிற மெசின் என்று யோசித்தார்கள். இவள் குலையைப் பிடித்துக்கொண்டாள். கைப்பேசியைக் குலைக்கு நேரே காட்டினால் பழமா காயா என்று அது சொல்லவேண்டும்.

எனக்கு விளக்கினாள். நிறையப் படம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் இது பழம், இது காய் என்று யாராவது குறித்துக்கொடுக்க வேண்டும். அப்படிக் குறித்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து மெசின் தானாகவே வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏன் எப்படி என்று அதற்கும் வாயால் சொல்லத் தெரியாது.

"உங்கள மாதிரித்தாம்மா" என்று சிரித்தாள்.

மெசினுக்குள் எழுதவேண்டியதை அவள் பள்ளிக்கூட மடிக்கணினியில் எழுதினாள். தெரியாததை இன்னொரு செயற்கை நுண்ணறிவிடம் ஆங்கிலத்தில் கேட்பாள். அது பக்கம் பக்கமாகப் பதில் சொல்லும். தப்பாக வந்தால் திரும்பக் கேட்பாள், அதுவும் திரும்பச் சொல்லும். பத்துத் தடவை கேட்டாலும் அது சலித்துக்கொண்டதே இல்லை. சோறு வடித்துக்கொண்டே பார்ப்பேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் மூன்றாவது தடவையிலேயே எரிந்துவிழுகிற ஆள்.

படம் எடுப்பதும் குறிப்பதும் என் வேலையானது. வேறு யார் இருக்கிறார்கள்? அவள் அப்பா ஜொகூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள்தான் வீடு. மேலும் ராம்ப்பில் நிற்பது நான்தான். ஓரம் விரிசல் விட்ட என் பழைய கைப்பேசியில் குலைகளைப் படம் எடுப்பேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்காருவேன். ஒரு படம் வரும். கீழே இரண்டு பொத்தான்: பழம், காய். ஒன்றை அமுக்கினால் அடுத்த படம் வரும். மகள் அதை எனக்காகவே தமிழில் செய்து கொடுத்திருந்தாள்.

முதல் பத்து நாள் ஆசையாகத்தான் செய்தேன். பிறகு உடம்பு கேட்கவில்லை. எட்டு மணிநேரம் குலை பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் குலை. கண்ணை மூடினால்கூடக் குலைதான் தெரிந்தது. கால் முட்டிக்குக் கீழே ஒரு வலி, அதைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு அமுக்குவேன். நூறு முடிந்தால் இன்னும் நூறு. ஆனால் மாலை ஐந்தரைக்கு டியூஷன் முடிந்து வந்தவுடன் அவள் பையைக்கூட இறக்காமல், "இன்னிக்கு எத்தன படம்மா?" என்று கேட்கிற முகத்தைப் பார்த்தால் செய்யாமல் இருக்க முடியாது.

வருடக் கடைசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் முழுக்க ஓயவில்லை. ராம்ப்பில் சேறு, குலையெல்லாம் நனைந்து கறுத்துக் கிடந்தன. எனக்கு இருமலும் காய்ச்சலும். என் இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லாததால் மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். மகளிடம் சொன்ன சொல்லுக்காக அந்த மழையிலும் படம் எடுத்தேன், கைப்பேசியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குழிகளில் தண்ணீரும் சேறும் நிறைந்திருந்தது. பழத்தின் சிவப்பு மழை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. நேரில் என்றால் விரலை விட்டுப் பார்ப்பேன். படத்துக்குள் எப்படி விரலை விடுவது? முதல் சில படங்களைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தேன். தலை வலித்தது. காய் என்று அமுக்கினேன். அடுத்ததும் காய். அதற்கடுத்து நான் படத்தைப் பார்க்கவே இல்லை. காய், காய், காய் என்று விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் எடுத்ததெல்லாம் அப்படித்தான் போயிற்று. சில நூறு படம் இருக்கும்.

ஏன் பழம் என்று அமுக்காமல் காய் என்று அமுக்கினேன் என்பதைப் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். ராம்ப்பில் சந்தேகம் வந்தால் காய் என்று சொல்லிவிடுவதுதான் எனக்குப் பத்திரம். பழம் என்று சொல்லித் தப்பாகிப்போனால் ஆலையிலிருந்து என்னைக் கேட்பார்கள். காய் என்று சொல்லித் தப்பாகிப்போனால் கேட்க யாரும் இல்லை, அறுத்தவன் மட்டும்தான் முணுமுணுப்பான். அவன் முணுமுணுப்பு அலுவலகம் வரை போகாது. அந்தப் பழக்கம்தான் காய்ச்சலிலும் விரலில் இருந்தது.

"எல்லாம் முடிஞ்சிருச்சி பாப்பா" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "காய்ச்சலோட செஞ்சீங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மாவட்டப் போட்டியில் வென்றாள். பிறகு மாநிலப் போட்டி. அதற்காக நான்கு குலையைத் துடைத்துக் காயவைத்துக் கொண்டுபோனோம். நடுவர்கள் கைப்பேசியைக் குலைகளுக்கு நேரே மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அது தப்பே செய்யவில்லை. ஒருவர், "இந்தப் படங்களை யார் குறித்துக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"என் அம்மா. பதினெட்டு வருஷமா இதே வேலை பாக்குறாங்க. அவங்களவிட இத யாருக்கும் தெரியாது" என்றாள் மகள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கையைக் குவித்தார். நானும் குவித்தேன். எனக்கு அந்த நேரத்தில் மழைப் படங்களின் நினைவு வந்ததா என்றால், வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. உட்காரக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. மண்டபத்துக்குள் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போனது. கோவில் மண்டபத்தில் பாராட்டு, தமிழ்ப்பள்ளியில் பாராட்டு, லாபுவில் ஒரு சங்கம், தம்பினில் ஒரு சங்கம். எல்லா இடத்திலும் மாலை, பொன்னாடை, பேச்சு. பேச்சாளர்கள் ஒருவர் விடாமல் தோட்டத்துப் பிள்ளை என்று ஆரம்பித்து என் கையைத் தூக்கிக் காட்டினார்கள். மகள் பேசவேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், மூன்று நிமிடம் பேசுவாள். திரும்பி வரும்போது வேனில் ஏறி உட்கார்ந்ததும் கழுத்து சாய்ந்துவிடும். பட்டுப்பாவாடை வாடகைக்கு எடுத்ததுபோல அவள் உடம்பில் ஒட்டாமல் கிடக்கும். ஒருநாள் தம்பினில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள், அதைத் திறக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இவங்களுக்கெல்லாம் அந்த மெசின் என்ன செய்யுதுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"யாருமே கேக்க மாட்டேங்கறாங்க."

தோட்ட மானேஜர் மட்டும் கேட்டார். அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர்தான். மகளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ராம்ப்பில் சில மாதம் இதைச் சோதித்துப் பார்க்கலாமா என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டியில் காட்டுகிற பொருள் வேறு, உண்மையில் ஓடுகிற பொருள் வேறு என்றாள். தேசியப் போட்டிக்கும் அது உதவும். எங்கள் மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு கைப்பேசி கொடுக்கப்பட்டது. நான் பார்த்த பிறகு அவர் அதைக் குலைமேல் காட்டி, அது சொல்வதையும் குறித்துக்கொள்வார். இரண்டும் வேறாக இருந்தால், சோதனை முடியும்வரை கைப்பேசி சொல்வதையே எடுத்துக்கொள்ளச் சொல்லி மானேஜர் உத்தரவு.

மூன்று வாரம் வெயில். நான் சொன்னதும் அது சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. மண்டோர் கேலி செய்வார், "அக்கா, உங்களுக்கு ஓய்வு வந்துருச்சி லா. வீட்டுல போய்ப் படுங்க." படுக்க எனக்கும் ஆசைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மழை கொட்டியது. டிராக்டர் நனைந்துகொண்டே வந்து குலையை இறக்கியது. லொம்போக் தீவிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்த ஒருவருடைய குலைகள் அவை. எங்கள் தோட்டத்தில் பதினொரு வருடமாகக் குலை அறுக்கிறார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அவர் குலையில் காய் இருந்து நான் பார்த்ததே அபூர்வம். நான் புரட்டிப் பார்த்து எல்லாம் பழம் என்றேன். மண்டோர் கைப்பேசியைக் காட்டினார்.

"காய்ங்குது."

அடுத்ததைக் காட்டினார். "இதுவும் காய்."

பன்னிரண்டு குலையில் எட்டைக் காய் என்றது. அந்த ஆள் மழையில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து மலாயில், "அக்கா, நீங்க பாருங்க லா. நீங்க தொட்டுப் பாருங்க" என்றார்.

நான் குனிந்து ஒரு குலையின் குழிக்குள் விரலை விட்டேன். தண்ணீர் வழிந்தது. அடுத்த குழியிலும் தண்ணீர். பழம் உதிர்ந்த குழிகள் வரிசையாக நிறைந்திருந்தன.

"இது பழம்தான்" என்றேன்.

"அம்மா ஒண்ணு சொல்றாங்க, பொண்ணோட மெசின் ஒண்ணு சொல்லுது. நான் யாரு பேச்ச கேக்குறது?" என்று மண்டோர் சிரித்தார். சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு வந்த உத்தரவு அது.

மழைச் சத்தத்தில் நான் அப்படியே நின்றேன். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நனைந்திருந்தால் காய் என்று அந்த மெசினுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். வேறு யாருமில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த டிராக்டர் வந்தது, போய்ப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொன்று வந்தால் பெர்மிட் புதுப்பிக்கும்போது சிக்கல் என்று மண்டோர்தான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து குளிக்காமலே படுத்துவிட்டேன்.

மகளிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தேசியப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. காலையில் அவள் கூடத்தில் மேசைமேல் துணியை விரித்துப் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, மழையில எடுத்த படமெல்லாம் இருக்குல்ல."

"ம்."

"அதெல்லாம் நான் பாக்காமத்தான் அமுக்கினேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டாள். தீய்கிற வாடை வந்தது. சட்டென்று தூக்கி ஓரமாக வைத்தாள்.

"எத்தன படம்?"

"அந்த வாரம் முழுக்க. எல்லாத்துக்கும் காய்னு போட்டுட்டேன்."

"ஏம்மா?"

"முடியல. தெரியவும் இல்ல, முடியவும் இல்ல."

"முடியலன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ல? அந்தப் படத்தையே தூக்கிப் போட்டிருப்பேன்ல?"

லொம்போக்காரருடைய கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "ஜட்ஜ்கிட்ட உங்களப் பத்திச் சொன்னேம்மா" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அது என்னவோ இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. சீருடைப் பாவாடையில் இஸ்திரிப் பெட்டியின் தடம் பழுப்பாக விழுந்திருந்தது. அதை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், வந்தாள். நடுவில் சிக்குவிடம் சொல்லியிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. சிக்கு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, விலகிக்கொள்வதானால் விலகலாம், சரிசெய்து கொண்டுபோவதானால் அப்படியும் செய்யலாம், ஆனால் முதலில் மாநிலப் போட்டிக்காரர்களுக்கு எழுதவேண்டும் என்றாராம். எழுதினார்கள். இரண்டு வரியில் பதில் வந்தது, தகவலுக்கு நன்றி, முடிவில் மாற்றமில்லை என்று. மகள் அதை இரண்டு தடவை படித்தாள். எதற்கும் கோபப்படக்கூட அப்போது எங்களுக்குத் தெம்பில்லை.

புதன்கிழமை மதியம் அவள் டியூஷனுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தாள். மேசைமேல் மடிக்கணினியை வைத்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க."

மழைப் படங்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். கீழே இப்போது மூன்று பொத்தான் இருந்தது. மூன்றாவதில் 'தெரியல' என்று எழுதியிருந்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு போடுங்க. அவ்வளவுதான் வேணும். இருபது படத்துக்கு மேல பாக்கக்கூடாது. இருபது ஆனதும் எந்திரிச்சி நடக்கணும்."

சொல்கிற தொனி ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி இருந்தது. நான் பார்த்தேன். சில படங்களில் ஓரத்தில் ஒரு குழி தெரிந்தது, பழம் என்றேன். சிலது நிச்சயமாகக் காய். பாதிக்குமேல் தெரியல. ஒவ்வொரு தெரியலவுக்கும் அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் திரையைத் தவிர எங்கும் பார்க்கவில்லை. நடுவே அந்தப் பேசுகிற செயற்கை நுண்ணறிவிடம் ஏதோ கேட்டாள். தப்பாகக் குறித்த படங்கள் கலந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாளாம். இது எல்லோருக்கும் நடப்பதுதான், கவலைப்படாதே என்று ஆரம்பித்து அது ஒரு பக்கம் எழுதியது.

"அதுக்கென்ன, சொல்லும்" என்றாள். அந்த வாரத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்தேன்.

மறுநாள் இருவரும் மானேஜரைப் பார்க்கப் போனோம். பேசப்போவது நான்தான் என்று முன்பே சொல்லிவிட்டேன். மழைக்குலையில் மெசின் தப்பாகச் சொல்கிறது, காரணம் நான் தப்பாகக் குறித்தது, லொம்போக்காரர் மேல் பிழையில்லை என்றேன். அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

"இதை நீங்கள் அன்றே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"ஆமாம், என்சிக்."

கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தும்விட்டார். சோதனையை நிறுத்தினார். மகளிடம், "படிப்பைப் பார், அதுதான் முக்கியம்" என்றார். அவள் தலையாட்டினாள். கைப்பேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

லொம்போக்காரர் குடியிருப்பின் பின்பக்கம் குழாயடியில் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் மலாயில், தன் மெசின் செய்த தப்பு, மன்னிக்கவேண்டும் என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை மகளே, நன்றாகப் படி" என்றார். நான் முன்னால் வந்து, அது மெசினுடைய தப்பு இல்லை, என்னுடையது, மழையில் நடந்த அன்றே எனக்குத் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி, அக்கா" என்றார். பிறகு குனிந்து அரிவாளை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மழை வந்த நாட்களிலெல்லாம் மகள் ராம்ப்புக்கு வந்தாள். பள்ளி முடிந்து மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, என் வேலைநேரம் முடிந்தும் நான் அவளுக்காக நின்று குழியில் விரல் விட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல அங்கேயே படம் எடுத்து அங்கேயே குறித்துக்கொண்டாள். புதிதாகக் கிடைத்தது கொஞ்சம்தான். நாள் போதவில்லை. வெயிலில் நன்றாகச் சொன்ன மெசின் இப்போது மழைக்குலையைக் கண்டால் பெரும்பாலும் 'தெரியல' என்றது. போட்டிக்குக் கொண்டுபோகிற பெரிய அட்டையில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு, ஏன் அப்படி என்று எழுதினாள். அம்மா என்று எழுதவில்லை. படம் குறித்தவர் களைப்பாக இருந்ததால் என்று எழுதினாள். எழுதிவிட்டு என்னிடம் படித்துக் காட்டி, "பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

தேசியப் போட்டி கோலாலம்பூர் பக்கத்தில் ஒரு பெரிய மண்டபத்தில். நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். இந்தமுறை தூங்கக்கூடாது என்று காப்பி குடித்தேன். பக்கத்து மேசைகளில் விளக்கெல்லாம் மின்னியது, மெசின் கை ஆட்டியது. எங்கள் மேசையில் ஒரு கைப்பேசியும் மூன்று குலையும். ஒரு குலையின்மேல் அவளே தண்ணீர் ஊற்றினாள், நடுவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே.

"தெரியவில்லை என்று சொல்கிற மெசினால் என்ன லாபம்?" என்று ஒரு நடுவர் கேட்டார்.

"தெரியலன்னு சொன்னா யாராவது போய்த் தொட்டுப் பார்ப்பாங்க. தப்பாச் சொன்னா யாரும் போய்ப் பாக்கமாட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குச் சிக்குதான் பிறகு மலாயில் சொன்னார். அந்த நடுவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பரிசு கிடைக்கவில்லை. பங்கெடுத்தவர்களுக்கெல்லாம் கொடுத்த சான்றிதழ் கிடைத்தது. மாலை வேனில் திரும்பும்போது நீலாய் அருகே நெரிசலில் ஒரு மணிநேரம் நின்றோம். சிக்கு முன்சீட்டில் தூங்கிவிட்டார். மகள் சன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்றேன்.

"இல்லம்மா. ஒரு மாசத்துக்கு யாரும் என்கிட்ட எதையும் கண்டுபிடின்னு சொல்லாம இருந்தா போதும்."

"நான் சொல்லமாட்டேன்."

"நீங்கதான் மொதல்ல தூங்கணும். உங்க மொகத்தப் பாருங்க."

மறுநாள் அவள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. நான் நாலரைக்கு எழுந்து பெரட்டுக்குப் போனேன். சங்கங்களிலிருந்து அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. இருவரும் பேசாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். கணினியைத்தான் எடுத்திருக்கிறாள். நான் இன்னும் ராம்ப்பில்தான் நிற்கிறேன். வேறொரு கம்பெனியின் கேமரா வரப்போகிறது என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள்.

லொம்போக்காரர் ஒரு வருடத்துக்குமேல் என்னிடம் தேவையில்லாமல் பேசியதில்லை. தன் குலையை நான் பார்க்கும்போது பக்கத்தில் வந்து நிற்பார், முன்பெல்லாம் அப்படி நிற்கமாட்டார். அவர் நிற்பது எனக்குத் தைக்கும். ஆனாலும் அது நியாயம்தான். போன வருடம் பெர்மிட் முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் கடைசிக் குலையைப் புரட்டியதும், "மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"படிக்கிறாள்" என்றேன். "அடிக்கடி தூக்கம் போதவில்லை என்கிறாள்."

"ஆமாம், பிள்ளைகள் இப்போது தூங்குவதில்லை" என்றார். தனக்கும் ஊரில் அந்த வயதில் ஒருத்தி இருக்கிறாள் என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. மேலே கேட்பதற்குள் லாரி பின்பக்கமாக வந்து ராம்ப்பை ஒட்டி நின்றது. அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். நான் குலைகளை எண்ண ஆரம்பித்தேன்.